ஆடும் பலகை

ஜூலை 6

அன்புள்ள மருமகளுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. வரி இடது பக்கத்தில் தரையில் தொடங்கி வலது பக்கத்தில் கூரைக்குப் போய்விடுகிறது. கோடு போட்ட தாள்தான், ஆனால் என் எழுத்துகள் கோட்டை மதிப்பதில்லை. சுவரில் நூல் பிடித்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பிசகாமல் பட்டை இழுத்தவன் நான். பேனா பிரஷ் மாதிரி இல்லை அம்மா. சொன்ன பேச்சு கேட்பதில்லை.

இது என் வாழ்க்கையில் நான் எழுதும் முதல் கடிதம். நூலகத்தில் மாலையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள் என்று போனில் சொன்னேன் அல்லவா? அதில் தேறிவிட்டேன். பக்கத்தில் உட்காருகிறவர் கசாப்புக்கடை வைத்திருந்தவர். அவருக்கு 'ழ' வராது, எனக்கு 'ஞ' வராது. மாற்றிக்கொள்ளலாமா என்று டீச்சரைக் கேட்டோம். "ரெண்டு பேரும் வாயை மூடிட்டு எழுதுங்க"ன்னு அதட்டினார்.

நீ எப்படி இருக்கிறாய்? இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் என்னைவிட்டுத் தனிக்குடித்தனம் போயிருக்கிறது. போனில் நாம் 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டேன்' என்பதோடு வைத்துவிடுகிறோம். தாளில் கொஞ்சம் கூடப் பேசலாம் என்று தோன்றியது.

அலமாரிக்குப் பின்னால் கல்லூரி நூலகத்துப் புத்தகம் ஒன்று கிடந்தது. நம் பையன் அங்கே வேலை பார்த்தபோது எடுத்து வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வரும்போது ஒரு கதவில் ஒட்டியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'கணித முறைகள். இயற்பியல், இரண்டாம் ஆண்டு.' யாரும் உதவவில்லை. அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் அந்த வகுப்புக்குப் போய் உட்காருகிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தாள் முடிந்துவிட்டது, கையும் வலிக்கிறது.

உன் மாமா

---

ஜூலை 15

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். பக்கத்து மேசைக்காரர், "யாரு, சின்னப் பசங்களா எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். "ஆமா, எழுபத்தி மூணு வயசு"ன்னேன். 'ஞ' நன்றாகத்தான் இருக்கிறது. வாலை மட்டும் கொஞ்சம் குறையுங்கள்.

இருமல் நின்றுவிட்டது. இந்த வானிலை நிலையத்தில் வேலை அதிகமில்லை. காலையில் மழைமானியைப் பார்க்கிறேன், காற்றின் வேகத்தைக் குறிக்கிறேன், மேலே அனுப்புகிறேன். மாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது. பார்க்கத்தான் நேரமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், முன்னால் அல்ல.

மாமா, அந்த வகுப்பை யார் எடுக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. கல்லூரியிலிருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. பதில் எழுதவில்லை.

அன்புடன்,
உங்கள் மருமகள்

---

ஜூலை 28

அன்புள்ள மருமகளுக்கு,

தண்ணீர் வருகிறது. மாத்திரை உள்ளே போகிறது. கசாப்புக்கடைக்காரர் உன்னை விசாரித்தார், உன்னைப் பார்த்ததே இல்லை என்றாலும்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்தக் கதவில் ஒட்டியிருந்ததைப் படித்து முடித்து, பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். உள்ளே நம் பையன் பேசிக்கொண்டிருந்தான்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். "இந்த இடத்துல எல்லாரும் தூங்குவீங்க, எனக்குத் தெரியும், நானும் தூங்கினேன்" என்கிறான். உள்ளே எல்லோரும் சிரிக்கிறார்கள். அவன் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, அவன் சொன்ன ஜோக்குக்குப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

கதவைத் திறந்தேன். பெரிய திரை. அதில் அவன் நீலச் சட்டையில் நிற்கிறான், கையில் சாக்பீஸ். நீயும் அவனும் விடுமுறைக் காலையில் காலி வகுப்பறைக்குப் போய் எடுத்த வீடியோ. சிகிச்சைக்கு லீவு எடுத்தால் பிள்ளைகள் பாடம் நின்றுவிடக் கூடாது என்று எடுத்தீர்களே, அதேதான். புதிதாக வந்திருக்கும் வாத்தியாரம்மா பக்கத்தில் நின்று வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கணக்குப் போடவைக்கிறார். நான் யார் என்று சொன்னேன். வீடியோவை நிறுத்தினார். பிறகு கடைசி வரிசையில் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

கற்பனை எண் என்று ஒன்று இருக்கிறதாமே? எந்த எண்ணையும் அதே எண்ணால் பெருக்கினால் மைனஸ் வராதாம். வருகிற மாதிரி ஒன்றை இவர்களாகவே வைத்துக்கொள்கிறார்களாம். "இல்லாத ஒண்ணை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு கேக்காதீங்க. இல்லாததை வெச்சுத்தான் நிறையப் பண்ணப்போறோம்" என்றான். எனக்குப் பாதி புரியவில்லை. மீதிப் பாதியும் புரியவில்லை. ஆனால் இவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

அதில் நீயும் இருக்கிறாய் தெரியுமா? கேமராவுக்குப் பின்னால் சிரிக்கிறாய். அவன் போர்டில் முட்டிக்கொள்ளும்போது "பாத்து!" என்கிறாய். பிள்ளைகள் உனக்குக் 'கேமரா அக்கா' என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

உடனே பதில் எழுது.

உன் மாமா

---

ஆகஸ்ட் 25

அன்புள்ள மருமகளுக்கு,

உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே? போன ஞாயிறு போனில் மாத்திரையைக் கேட்டாய், முழங்காலைக் கேட்டாய், சிலிண்டர் மாற்றியாயிற்றா என்று கேட்டாய். கடிதம் வந்ததா என்று நான் கேட்பதற்குள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். உன் நிலையத்தில் உன்னைத் தவிர வேறு யாரும் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

சரி, நான் வேறு ஏதாவது எழுதுகிறேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்காருகிறாள். வகுப்பு முழுக்கக் கொட்டாவி விடுவாள். அதனால் எல்லோரும் 'கொட்டாவி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் கேள்வி கேட்டால் அவள்தான் முதலில் பதில் சொல்கிறாள். ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "தாத்தா, உங்களுக்கும் அட்டெண்டன்ஸ் உண்டா?"

"எனக்கு எதுக்கும்மா?"

"அப்ப எதுக்கு வர்றீங்க? நாங்க அட்டெண்டன்ஸுக்காகத்தான் வர்றோம்."

"எனக்கு வாத்தியாரைப் பிடிச்சிருக்கு."

"எங்களுக்கும்தான். பாவம், இருந்திருந்தா எவ்வளவு டவுட் கேட்டிருக்கலாம்" என்றாள். பிறகு, "கேமரா அக்கா இருக்காங்களா தாத்தா? இல்ல அவங்களும்...?" என்று இழுத்தாள்.

"இருக்காங்க, இருக்காங்க"ன்னு அவசரமாகச் சொன்னேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

கோபமா அம்மா? நான் எழுதியது தப்பா?

உன் மாமா

---

செப்டம்பர் 4

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. கோபம் இல்லை. உங்கள்மேல் எனக்கு எப்படிக் கோபம் வரும்? காற்று, மழை, ஈரப்பதம் எழுதிப் பழகிய கைக்கு இதற்குப் பதில் எழுத வரவில்லை, அவ்வளவுதான்.

கல்லூரிக் கடிதத்தில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோக்களை இனி வரும் வருஷங்களிலும் காட்டலாமா என்று என் சம்மதம் கேட்டிருக்கிறார்கள். நான் மாட்டேன் என்றால் இந்த வருஷத்தோடு அழித்துவிடுவார்கள். மாட்டேன் என்று எழுதி உறைக்குள் வைத்திருக்கிறேன். இன்னும் தபாலில் போடவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். மாமா, அவர் கையை நன்றாகப் பாருங்கள். முதல் வகுப்பில் சட்டைக் கை முழங்கைக்கு மேலே மடித்து இறுக்கமாக இருக்கும். நான்காவது, ஐந்தாவது வகுப்புக்குள் அது நழுவி நழுவிக் கீழே வரும். நான் கேமராவுக்குப் பின்னாலிருந்து வாரா வாரம் அதைப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு அது பாடம். நீங்கள் எதைப் பார்க்க அங்கே போகிறீர்கள்? ஒருமுறை நடந்தது போதாதா? வேண்டாம் மாமா. இனிப் போகாதீர்கள்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

---

செப்டம்பர் 27

அன்புள்ள மருமகளுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். உன் பேச்சைக் கேட்டு ஒரு வியாழக்கிழமை போகாமல் இருந்தேன். வீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவன் பேசிக்கொண்டிருப்பான், நான் இங்கே இருக்கிறேன் என்று தோன்றியது. மருத்துவமனையில் என்னை வெளியே உட்காரவைத்தார்களே, அதுபோல இருந்தது. அடுத்த வாரம் போய்விட்டேன். நீ திட்டலாம்.

சட்டைக் கையை நான் பார்த்தேன் அம்மா. நீ சொல்வதற்கு முன்பே பார்த்துவிட்டேன். உனக்கு எழுதவில்லை.

போன வியாழன் நடந்ததைக் கேள். அவன் போர்டில் ஒரு உயரமான கட்டடம் வரைந்தான். மொட்டை மாடியிலிருந்து இரண்டு கயிறு, கயிற்றில் ஒரு பலகை, பலகையில் ஒரு குச்சி மனிதன். குச்சி மனிதன் கையில் பிரஷ். "இது எங்கப்பா. பெயிண்டர். கட்டடத்துக்கு வெளியில இப்படித்தான் தொங்குவாரு. காத்தடிச்சா பலகை ஆடும். ஆடி ஆடி, கொஞ்ச நேரத்துல அடங்கும். எப்படி அடங்குதுன்னுதான் இன்னிக்குக் கணக்கு" என்றான்.

பிள்ளைகள் அந்தக் குச்சி மனிதனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். தொப்பை போட்டிருந்தான் எனக்கு!

அரை மணி நேரம் போர்டு நிறைய எழுதினான். அந்தக் கற்பனை எண் வந்தது, வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுக் காணாமல் போனது. கடைசியில் விடை வந்ததும் பின்னால் தள்ளி நின்று பார்த்தான். தலையைச் சொறிந்தான். "அடக்கடவுளே. இந்தக் கணக்குப்படி பலகை அடங்கவே மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் இன்னும் பெரிசா ஆடுது. எங்கப்பா ஆகாயத்துக்குப் போயிட்டாரு!" நீ பின்னாலிருந்து விழுந்து விழுந்து சிரிக்கிறாய். "எங்கேயோ தப்பு விட்டுட்டேன். எங்கேன்னு நீங்களே தேடுங்க. அதுவரைக்கும் எங்கப்பா அங்கேயே ஆடிட்டு இருக்கட்டும். அடுத்த வாரம் இறக்கிடுவோம். சரி, மீதி அடுத்த வாரம்" என்றான். திரை கறுப்பாகிவிட்டது.

வாத்தியாரம்மா விளக்கைப் போட்டார். "இதுதான் கடைசி வீடியோ. இதுக்கு மேல சார் எடுக்கல. தப்பு எங்கேன்னு எனக்குத் தெரியும், நீங்க கண்டுபிடிங்க. மீதியை நான் நடத்தறேன்" என்றார். நல்ல பெண். நன்றாகத்தான் நடத்துவார்.

பிள்ளைகள் எழுந்து போனார்கள். எனக்கு உடனே எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால்தான்.

கல்லூரிக்கு என்ன எழுதுவது என்பது உன் இஷ்டம். அதில் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். உறை ஈரமாகாமல் பார்த்துக்கொள்.

உன் மாமா

---

அக்டோபர் 9

அன்புள்ள மாமாவுக்கு,

முழங்காலுக்கு அந்தத் தைலத்தைத் தடவுகிறீர்களா? மேல் தட்டில், இடது ஓரத்தில் இருக்கிறது.

நான் ஒன்றைச் சொல்லாமல் இருந்தேன். கல்லூரிக்கும் சொல்லவில்லை. அது கடைசி வீடியோ அல்ல. அதற்கு அடுத்த வாரமும் எடுத்தோம். அன்று மாலையே அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. கேமராவிலிருந்து மெமரி கார்டை எடுத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு, இங்கே வரும்போது துணிகளோடு கொண்டுவந்துவிட்டேன். இதுவரை நான் அதைப் பார்க்கவில்லை. என்னால் முடியாது. ஆனால் நீங்கள் அங்கே உட்கார்ந்து அதுதான் முடிவு என்று நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வாத்தியாரம்மாவிடம் கொடுத்து நீங்கள் முதலில் பாருங்கள். பிள்ளைகளுக்குக் காட்டக்கூடியதாக இருந்தால் காட்டட்டும். அடுத்த வருஷங்களுக்கும் சேர்த்து நீங்கள் சொல்வதுதான் முடிவு. அந்த உறையை இன்னும் போடவில்லை.

இன்னொன்று. கடைசியில் என் குரல் வரும். அது எப்படி இருக்கிறது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

---

அக்டோபர் 30

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? தபால் சேர்ந்துவிட்டது, நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறீர்கள் என்று தபால் அலுவலகத்தில் சொல்கிறார்கள். கைநாட்டு அல்ல, கையெழுத்து. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

ஆனால் கடிதம் இல்லை. போனில் நீங்கள் முழங்காலைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் முன்பு செய்ததை இப்போது நீங்கள் செய்கிறீர்கள்.

அது அவ்வளவு மோசமாகவா இருக்கிறது? என் குரலைக் கேட்டுவிட்டுத்தான் எனக்கு எழுதாமல் இருக்கிறீர்களா?

மருமகள்

---

நவம்பர் 1

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. இல்லை அம்மா, இல்லை. நான் இன்னும் பார்க்கவே இல்லை. உன்மேல் சத்தியம்.

டப்பா என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவு இருக்கிறது அந்த கார்டு. இவ்வளவு சின்னதுக்குள் அவன் நிற்கிறான். வியாழக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போகிறேன். வாத்தியாரம்மாவிடம் கொடுக்கக் கையை நீட்டுகிறேன். 'அடுத்த வாரம் தருகிறேன்' என்று பையிலேயே போட்டுக்கொண்டு வருகிறேன். அவர் ஒன்றும் கேட்பதில்லை. அவன் வகுப்பு இன்னொன்று இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன், அதற்காகப் பழைய கணக்குகளையே திரும்பப் போடவைத்துக்கொண்டிருக்கிறார். டிசம்பரில் பரீட்சை.

இதைப் பார்க்காதவரை அவன் பேச வேண்டியது ஒரு வகுப்பு பாக்கி இருக்கிறது. பார்த்துவிட்டால் இல்லை. அப்புறம் அவன் புதிதாக ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டான். இதைத்தான் உனக்கு எழுத முடியாமல் இருந்தேன். எழுதத் தெரிந்தால் எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை போலிருக்கிறது.

உன் மாமா

---

நவம்பர் 8

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அதற்காகத்தான் அதைப் பார்க்காமல் வைத்திருந்தேன். என் குரல் ஒரு காரணம். இது இன்னொன்று. நமக்குள் இவ்வளவு ஒற்றுமை இருக்கும் என்று நம் வீட்டுக்கு வந்த புதிதில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஆனால் மாமா, உங்களை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு அவர் போயிருக்கிறார். இறக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் அங்கேயே ஆடிக்கொண்டிருக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே மழை தொடங்கிவிட்டது.

அன்புடன்,
உங்கள் மருமகள்

---

நவம்பர் 23

அன்புள்ள மருமகளுக்கு,

மழைக்குக் குடை வைத்திருக்கிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் எழுதினேன். அதனால் ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் கையெழுத்து வேறாக இருக்கும். எல்லாம் நான்தான்.

பார்த்துவிட்டேன். காலையில் வகுப்புக்கு முன்னால் வாத்தியாரம்மா போட்டுக் காட்டினார். நான் கேட்காமலே அவர் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவன் போர்டுக்கு முன்னால் நிற்கிறான். முந்தின வாரம் வரைந்த கட்டடம், பலகை, தொப்பை போட்ட குச்சி மனிதன், எல்லாம் அழிக்காமல் இருக்கிறது. நீங்கள் அழிக்கவே இல்லை போலிருக்கிறது. சட்டைக் கை மணிக்கட்டுவரை வந்துவிட்டது. கொஞ்சம் பேசுகிறான், மூச்சு வாங்குகிறான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்கு எனக்கு ஒரு அசிஸ்டெண்ட் இருக்காங்க. வாங்க மேடம்" என்கிறான்.

"நானா? நான் கேமராவைப் பாக்க வேண்டாமா?" என்கிறாய்.

"அது எங்கேயும் ஓடிப்போகாது. வா."

நீ வருகிறாய். அம்மா, உன் முதுகுதான் தெரிகிறது. பின்னலில் ஒரு பேனாவைச் செருகி வைத்திருக்கிறாய். அவன் சாக்பீஸை உன் கையில் கொடுக்கிறான். "ஆட ஆரம்பிச்ச பலகையைக் காத்து தள்ளிவிடாது, தடுக்கும். தடுக்குதுன்னா என்ன போடணும்?" என்கிறான். நீ போர்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். அப்புறம் ஒரு எழுத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு போடுகிறாய். அவ்வளவுதான். படுக்கைவாட்டில் ஒரே ஒரு கோடு. அதைத்தான் அவன் விட்டுவிட்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் சொல்லச் சொல்ல நீ எழுதுகிறாய். ஆட்டம் ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சின்னதாக வருகிறது. மலை மாதிரி ஆரம்பித்து எறும்பு மாதிரி முடிகிற ஒரு படம் போடுகிறாய்.

"எப்போ முழுசா நிக்கும்?" என்று நீயே கேட்கிறாய். அது பாடத்தில் இருந்த கேள்வியா, நீ கேட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் போர்டில் இருந்த குச்சி மனிதனைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "கணக்குப்படி நிக்கவே நிக்காது. குறைஞ்சுக்கிட்டே போகும், ஆனா பூஜ்யம் ஆகாது. சின்னப் பையனா இருக்கும்போது நான் கீழே நின்னு கத்துவேன், 'அப்பா, நின்னுடுச்சா?'ன்னு. அவர் மேலேயிருந்து கத்துவாரு, 'முழுசா நிக்காதுடா. பெயிண்ட் அடிக்கிற அளவுக்கு நிக்கும்!'"

நான் அப்படிச் சொன்னேனா அம்மா? எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் அது உண்மைதான். பலகை ஒருநாளும் முழுசாக நின்றதில்லை. அந்தக் கொஞ்ச ஆட்டத்தோடு சேர்ந்து கையும் ஆடும், கோடு நேராகத்தான் வரும்.

இனி உன் குரல். மறைக்காமல் எழுதச் சொன்னாய். பாடம் முடிந்ததும் அவன் வழக்கம்போல, "சரி, மீதி அடுத்த வாரம்" என்றான். நீ, "மீதின்னு ஒண்ணும் இல்ல. பாடம் முடிஞ்சு போச்சு. எழுந்திருங்க, டாக்டர் எவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருப்பாரு?" என்றாய். அதில் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். தட்டில் போட்ட சாப்பாடு ஆறிப்போகிறதே என்று வாசலில் நின்று கத்துகிற கோபம். அதைக் கேட்டதும் அவன் உன்னை நிமிர்ந்து பார்க்கிறான். நீ போர்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறாய், அதனால் நீ பார்த்திருக்கமாட்டாய். எனக்குத் தெரிகிறது. "ஓ, முடிஞ்சிடுச்சா?" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். சத்தமில்லாத சிரிப்பு. உன் முதுகைப் பார்த்துச் சிரிக்கிறான். நீ திரும்பி வந்து கேமராவை அணைக்கிறவரை அந்தச் சிரிப்பு அவன் முகத்தில் இருக்கிறது. இதற்காகத்தான் வகுப்பு முடிந்தபிறகு அந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொல்லிப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

கதவைத் திறந்து, "பசங்களுக்குப் போடுங்கம்மா" என்றேன். உன் முதுகு திரையில் வந்ததும் வகுப்பே எழுந்து கைதட்டியது. "கேமரா அக்கா! கேமரா அக்கா!" என்று ஒரே கூச்சல். நீ அந்தக் கோட்டைப் போட்டபோது நாலைந்து பேர், "நான் சொன்னேன்ல, மைனஸ்தான்!" என்று மேசையைத் தட்டினார்கள். பெயிண்ட் அடிக்கிற அளவுக்கு நிற்கும் என்று அவன் சொன்ன இடத்தில் கொட்டாவி என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, "இறங்கிட்டீங்களா தாத்தா?" என்றாள். அவளுக்கு எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"இறங்கிட்டேம்மா" என்றேன்.

நீ முடிவை என்னிடம் விட்டாய். அடுத்த வருஷமும் போடட்டும். அதற்கடுத்த வருஷமும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் தொப்பை போட்ட கிழவனை ஆகாயத்தில் விட்டுவிட்டு, பிறகு இறக்கிக் காட்ட வேண்டும் அல்லவா? அந்த உறையைக் கிழித்துப் போடு. புது உறை வாங்கு.

உன் அறைச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே பெயிண்ட் உரிந்திருக்கிறது. நேற்று சுரண்டி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன். ஏணியில் ஏறமாட்டேன், கவலைப்படாதே. எட்டுகிற உயரம்வரை நான் அடிக்கிறேன், அதற்கு மேலே நீ வந்து அடி. என்ன நிறம் வேண்டும் என்று எழுது. நீலம் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது.

இனி வியாழக்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. அந்த நேரத்துக்கு மேசையில் தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிடுவேன். இன்றைக்கு வரி மறுபடியும் கூரைக்குப் போகிறது. மீதி அடுத்த வாரம்.

உன் மாமா